பழைய சர்வரை எப்போது அணைக்கலாம்? ஓர் ஆன்டிவைரஸ் மேனேஜர் இடமாற்றத்தின் நிகழ்வு ஆய்வு

கோவையில் தலைமை அலுவலகம். உடுமலைப் பக்கம் ஒன்றும் திண்டுக்கல் பக்கம் இரண்டுமாக நூற்பாலை யூனிட்டுகள், தூத்துக்குடியில் ஒரு கிடங்கு. எல்லாம் சேர்த்து முந்நூற்றுச் சொச்சம் கணினிகள். அத்தனைக்குமான ஆன்டிவைரஸைக் கோவையில் இருந்த ஒரே சர்வரிலிருந்து நிர்வகித்துவந்தோம். 2023இல் அந்தச் சர்வரை மாற்ற வேண்டி வந்தது. இரண்டு நாள் வேலை என்று நான்தான் திட்டம் எழுதிக் கொடுத்தேன். கடைசிக் கணினி புது சர்வருக்கு வந்து சேர ஐந்து மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த மாதங்களில் நடந்ததை, என் தவறுகளையும் சேர்த்து, இங்கே எழுதிவைக்கிறேன். இதே வேலையைக் கையில் எடுப்பவருக்கு ஏதாவது ஓரிடத்தில் உதவும்.

மாற்றக் காரணம் இரண்டு. பழைய சர்வரில் ஓடியது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. அதற்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த நீட்டிப்பு ஆதரவு 2023 அக்டோபர் 10 அன்று முடிவதாக இருந்தது. ஆன்டிவைரஸ் மேனேஜர் என்பது எல்லாக் கணினிகளுக்கும் கட்டளை போடும் இடம். அதைக் கைப்பற்றியவன் எந்தக் கணினியிலும் பாதுகாப்பைத் தளர்த்திவிடலாம். பேட்ச் எனப்படும் பாதுகாப்புத் திருத்தங்கள் வராத சர்வரில் அதை விட்டுவைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டாவது காரணம் இன்னும் நேரடியானது. பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்துத் தரவைப் பிரித்து வைக்கும் ரெய்டு 5 வரிசையில், ஒரு டிஸ்க்கின் விளக்கு பழுதைக் காட்டி மஞ்சளாக மாறியிருந்தது.

நாங்கள் வைத்திருந்தது சைமன்டெக் எண்ட்பாயின்ட் புரொடக்‌ஷன். 2019இலிருந்து பிராட்காம் கையில் இருப்பது. இதன் மேனேஜர் பகுதியை இனி வெறுமனே மேனேஜர் என்றே சொல்கிறேன்.

கணினிக்கு மேனேஜரை எப்படித் தெரியும்?

இது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் புரியும். மேனேஜரின் கட்டளைக்குக் கீழ் இருக்கும் கணினியைக் கிளையன்ட் என்போம். ஒவ்வொரு கிளையன்ட் கணினியிலும் சைலிங்க் என்ற ஒரு சின்னக் கோப்பு இருக்கிறது. எந்த முகவரியில் உள்ள சர்வரிடம் போக வேண்டும், மேனேஜரில் எந்த டொமைனை, அதாவது எந்த நிர்வாகப் பிரிவைச் சேர்ந்தது, அந்தச் சர்வரின் அடையாளச் சான்றான சர்டிபிகேட் எது, இவையெல்லாம் அதற்குள் இருக்கும். ரேஷன் கார்டில் கடை எண் எழுதியிருப்பது போலத்தான். கடையைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றி, மூட்டையெல்லாம் கொண்டுபோய் அடுக்கினாலும், கார்டில் எண் மாறாதவரை ஆட்கள் பழைய வாசலில்தான் போய் நிற்பார்கள்.

சைலிங்க் கோப்பை மாற்றி எழுதும் அதிகாரம் அந்தக் கணினி ஏற்கெனவே நம்புகிற சர்வருக்குத்தான் உண்டு. 'இனிமேல் அங்கே போ' என்று பழைய சர்வர்தான் சொல்ல வேண்டும். புது சர்வர் எத்தனை முறை கூப்பிட்டாலும் கிளையன்ட் திரும்பிப் பார்க்காது, பார்க்கவும் கூடாது. அப்படிப் பார்த்தால் யார் வேண்டுமானாலும் ஒரு சர்வரை நிறுவிக் கணினிகளை இழுத்துக்கொள்ளலாமே. ஆகவே இடமாற்றம் முழுக்கப் பழைய சர்வர் உயிரோடு இருக்கும் நாட்களுக்குள் நடந்தாக வேண்டிய வேலை. திட்டம் எழுதியபோது இதை நான் படித்துத் தெரிந்துவைத்திருந்தேன். உணரவில்லை.

எந்த வழி

பெயரையும் ஐபியையும் அப்படியே வைத்துக்கொள்ள முடிந்தால் அதுதான் சுலபமான வழி. பழைய சர்வரின் டேட்டாபேஸ் பேக்கப், சர்வரின் மறையாக்கச் சாவிகள் அடங்கிய ரெக்கவரி கோப்பு, இரண்டையும் எடுத்துக்கொண்டு அதே பெயர், அதே ஐபியில் புதிய இயந்திரத்தில் அதே பதிப்பை நிறுவி மீட்டெடுத்தால் போதும். கிளையன்ட்களுக்கு மாற்றம் நடந்ததே தெரியாது. வாய்ப்பு இருப்பவர்கள் வேறு எதையும் யோசிக்க வேண்டாம் என்பேன். எங்களுக்கு அது வாய்க்கவில்லை. சர்வர்களை எல்லாம் நெட்வொர்க்கில் தனிப் பகுதியான ஒரு விலேனுக்கு மாற்றும் வேலை அதே ஆண்டு நடந்ததால் புது ஐபி கட்டாயமானது.

அதனால் ரெப்ளிகேஷன். புது சர்வரை இரண்டாவது சைட்டாக நிறுவி, பழையதோடு இணைத்துக் கணினிக் குழுக்கள், பாலிசிகள் எனப்படும் பாதுகாப்பு விதிகள், பதிவுகள் எல்லாவற்றையும் நகலெடுக்க விடுவது. இரண்டும் ஒரே பதிப்பில் இருந்தாக வேண்டும் என்பதால் முதலில் பழைய சர்வரை மேம்படுத்தினோம். 14.3 ஆர்யு1 பதிப்பிலிருந்து மேனேஜரோடு வரும் டேட்டாபேஸ் எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ். அதற்கு 10 ஜிபி வரம்பு உண்டு. எனவே பழைய பதிவுகளை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதையும் முன்கூட்டியே குறைத்தோம். இந்தக் கட்டம் சிக்கல் இல்லாமல் ஒரு மாலைக்குள் முடிந்தது.

கன்சோலில் இல்லாத கணினிகள்

கணினிகளின் பட்டியலைக் கன்சோலிலிருந்து, அதாவது மேனேஜரின் நிர்வாகத் திரையிலிருந்து, எக்செலுக்கு எடுத்தேன். அதையே மொத்த எண்ணிக்கை என்று நம்பித்தான் திட்டமும் போட்டிருந்தேன். எங்கள் சொத்துப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்த தோழி, "அண்ணா, என் லிஸ்ட்ல இன்னும் பத்துப் பதினைஞ்சு இருக்கே" என்றபோதுதான் உறைத்தது. 30 நாள் தொடர்பு கொள்ளாத கிளையன்ட்டை மேனேஜர் தன் பட்டியலிலிருந்து தானாகவே நீக்கிவிடும். அது இயல்பாகவே இருக்கும் அமைப்பு, டொமைன் பண்புகளில் மாற்றிக்கொள்ளலாம். நீங்கிய கணினி ஒன்றும் கெட்டுவிடாது. மறுபடி இயங்கி வந்து கதவைத் தட்டினால் பட்டியலில் திரும்பவும் சேர்ந்துகொள்ளும். ஆனால் தட்டுவதற்குப் பழைய கதவு இருக்க வேண்டும்.

அப்படி விட்டுப்போனவை எவை என்று பார்த்தால், பிரசவ விடுப்பில் போன ஒருவரின் மடிக்கணினி அலமாரியில் இருந்தது. ஆடிட் சமயத்தில் மட்டும் எடுக்கும் இரண்டு இருந்தன. உடுமலைப் பக்கத்து யூனிட்டில் ஜின்னிங் பிரிவின் எடைமேடைக் கணினி, பருத்தி வரத்து இல்லாத மாதங்களில் மூடிய அறைக்குள் கிடப்பது. கன்சோல், விண்டோஸ் நெட்வொர்க்கின் கணினி, பயனர் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரி, சொத்துப் பதிவேடு மூன்றையும் ஒப்பிட்டு ஒரே பட்டியல் ஆக்கினோம். முழு இடமாற்றத்திலும் உருப்படியாகச் செய்த வேலை எது என்று கேட்டால் இந்தப் பட்டியலைத்தான் காட்டுவேன். அந்த 30 நாளை 180 ஆக்கியும் வைத்தோம்.

முதல் சறுக்கல்: ஃபயர்வால்

கிளையன்ட்களை நகர்த்தும் கருவி மேனேஜ்மென்ட் சர்வர் லிஸ்ட். புது சர்வரை முன்னுரிமை 1, பழையதை முன்னுரிமை 2 என்று போட்டு ஒரு லிஸ்ட் தயாரித்து, குழுக்களுக்கு ஒவ்வொன்றாக ஒதுக்க வேண்டும். கணினி அடுத்த முறை பழைய சர்வரைத் தொடர்பு கொள்ளும்போது இந்த லிஸ்ட்டும் புது சர்வரின் சர்டிபிகேட்டும் அதன் சைலிங்க்கில் சேர்ந்துவிடும். அதற்கு அடுத்த சுற்றில் அது புது வாசலுக்குப் போகும்.

தலைமை அலுவலகத்தில் பத்துக் கணினிகளை வைத்துச் சோதித்தோம். அரை மணி நேரத்தில் பத்தும் வந்துவிட்டன. அடுத்த நாள் திண்டுக்கல் பக்கத்து யூனிட்டுக்கு லிஸ்ட்டை ஒதுக்கினோம். ஒன்றுகூட வரவில்லை.

நெட்வொர்க்கில் எந்தப் போக்குவரத்தை விடுவது என்று தீர்மானிக்கும் ஃபயர்வாலில் புது சர்வருக்கான விதிகளை, பழைய சர்வரின் விதிகளைப் பார்த்து அப்படியே எழுதச் சொல்லியிருந்தேன். சர்வரில் ஒவ்வொரு சேவைக்கும் போர்ட் என்ற வாசல் எண் உண்டு: கன்சோலுக்கு 8443, கிளையன்ட்களுக்கு 8014. பழைய சர்வர் பல வருடங்களாகப் பதிப்பு மேல் பதிப்பாக மேம்படுத்தப்பட்டு வந்தது, அதனால் பழைய 8014 போர்ட்டே நிலைத்திருந்தது. 14ஆம் பதிப்பிலிருந்து புதிதாக நிறுவினால் கிளையன்ட் தொடர்பு எச்டிடிபிஎஸ் வழியாக 443க்குப் போய்விடும். எங்கள் புது சர்வர் 443இல் காத்திருந்தது. யூனிட்டிலிருந்து வரும் வழியில் 443 அடைபட்டிருந்தது. தலைமை அலுவலகத்துக்குள் அந்த ஃபயர்வால் குறுக்கே வராததால் சோதனையில் இது தெரியவில்லை.

கன்சோல் திறக்கிறது என்பதை வைத்துக் கிளையன்ட்டும் பேசும் என்று முடிவு கட்டக் கூடாது. இரண்டும் வேறு வேறு போர்ட். ஏதாவது ஒரு யூனிட் கணினியில் உட்கார்ந்து, உலாவியில் மேனேஜருடனான தொடர்பைச் சோதிக்கும் செக்கார்ஸ் முகவரியைத் தட்டிப் பார்க்க வேண்டும். ஓகே என்ற இரண்டு எழுத்து மட்டும் வந்தால் வழி திறந்திருக்கிறது. சோதனைக் கணினிகளில் ஒன்றாவது மிகத் தொலைவான, மிக மெல்லிய இணைப்புள்ள இடத்தில் இருக்க வேண்டும்.

இதில் சேதம் எதுவும் இல்லை. புது வாசல் திறக்காததால் கணினிகள் முன்னுரிமை 2 வழியாகப் பழைய சர்வரிடமே போய்க்கொண்டிருந்தன. லிஸ்ட்டில் பழைய சர்வரை விடாமல் வைத்தது அன்று எங்களைக் காப்பாற்றியது.

இரண்டாவது: சம்பளப் பட்டியல் நாள்

விதியைத் திருத்தினோம். ஒவ்வொரு குழுவாக நகர்ந்தன. வியாழக்கிழமை காலை உடுமலைப் பக்கத்து யூனிட்டுக்கு லிஸ்ட் ஒதுக்கினேன். பத்தரை மணிக்கு அங்கிருந்து கணக்காளரின் அழைப்பு: "சார், ஈஆர்பி சுத்திக்கிட்டே இருக்குதுங்க. இன்னைக்குச் சம்பளப் பட்டியல் போட்டாகோணும், என்னன்னு கொஞ்சம் பாருங்க."

இணைப்பைப் பார்த்தால் 4 எம்பிபிஎஸ் லைன் முழுக்க நிரம்பி நின்றது. போவதெல்லாம் எங்கள் புது ஆன்டிவைரஸ் சர்வரிலிருந்து.

நடந்தது இது. வைரஸ் விவரத் தொகுப்பு ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை புதிதாக வரும். மேனேஜர் பழைய தொகுப்புகள் சிலவற்றையும் சேமித்து வைத்திருக்கும். கிளையன்ட் தன்னிடம் எந்தத் தொகுப்பு இருக்கிறது என்று சொன்னால், அதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பிரித்து அனுப்பும். அது சின்ன அளவு. ஆனால் கிளையன்ட்டிடம் இருக்கும் அந்தப் பழைய தொகுப்பு மேனேஜரிடம் இல்லையென்றால் வித்தியாசத்தைக் கணக்கிட வழி இல்லை. முழுத் தொகுப்பையும் அனுப்பியாக வேண்டும். ரெப்ளிகேஷன் அமைக்கும்போது தொகுப்புகளையும் நகலெடு என்ற தெரிவை நான் இயக்கவில்லை. புது சர்வர் தானே இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும், எதற்கு வீண் சுமை என்று நினைத்தேன். அதனால் புது சர்வரிடம் அது வந்த நாளிலிருந்து எடுத்தவை மட்டுமே இருந்தன. வந்து சேர்ந்த கணினிகளிடம் இருந்ததோ பழைய சர்வர் வேறொரு நேரத்தில் இறக்கிய தொகுப்பு. எல்லோருக்கும் முழுசாகவே போனது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். முழுத் தொகுப்பு 300 எம்பி, கணினிகள் 25 என்று வைத்துக்கொண்டால் 7500 எம்பி. 4 எம்பிபிஎஸ் லைன் நொடிக்கு அரை எம்பி தரும். 15,000 நொடி, அதாவது நாலு மணி நேரத்துக்கும் மேல், வேறு யாரும் அந்த லைனைத் தொடாமல் இருந்தால்.

அப்படியும் இது நடந்திருக்கக் கூடாது. ஒவ்வொரு யூனிட்டிலும் ஒரு கணினியைக் குரூப் அப்டேட் புரொவைடராக வைத்திருந்தோம். தொகுப்பு லைன் வழியாக அந்த ஒரு கணினிக்கு ஒரு முறை வரும், மற்றவை 2967 போர்ட்டில் அதனிடம் வாங்கிக்கொள்ளும். மற்ற யூனிட்டுகளில் அப்படித்தான் நடந்தது, யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இங்கே மட்டும் ஏன்? யூனிட்டுக்குப் போன் செய்து அந்தக் கணினியின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். "அதுங்களா, மதர்போர்டு போய் ரெண்டு மாசம் ஆச்சுங்க, ஸ்டோர்ல கிடக்குது."

இரண்டு மாதமாக அந்த யூனிட்டில் புரொவைடரே இல்லை. புரொவைடர் கிடைக்காவிட்டால் குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் நேராக மேனேஜரிடம் போகலாம் என்று பாலிசியில் நாங்களே அமைத்திருந்தோம். 25 கணினிகளும் தினமும் லைன் வழியாகவே இறக்கிக்கொண்டிருந்தன. வித்தியாசத் தொகுப்பு சின்னது என்பதால் யாருக்கும் உறுத்தவில்லை. முழுத் தொகுப்பு வந்த நாளில்தான் வெளியே தெரிந்தது.

லிஸ்ட்டை அந்தக் குழுவிலிருந்து திரும்ப எடுத்தேன். சர்வர் பண்புகளில் முழுத் தொகுப்பு இறக்கத்தைத் தடுக்கும் அமைப்பு இருக்கிறது, அதை இயக்கினேன். பதினோரு மணிக்கு மேல் லைன் மூச்சுவிட்டது, சம்பளப் பட்டியலும் மாலைக்குள் போடப்பட்டது. அப்புறம் ரெப்ளிகேஷனில் தொகுப்புகளையும் சேர்த்தோம். யூனிட்டில் வேறொரு கணினியைப் புரொவைடர் ஆக்கி, அதில் தொகுப்பு வந்து இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே மறுபடி நகர்த்தினோம். இடமாற்றத்துக்கு முந்தைய வாரம் ஒவ்வொரு புரொவைடரும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

மூன்றாவது: டிஸ்க்

மூன்றாம் வாரத்தில் பட்டியலில் பாக்கி இருந்தவை 13. பெரும்பாலும் அணைந்து கிடந்தவை, வெளியூரில் இருந்தவை. அவை வரும்வரை பழைய சர்வர் ஓடட்டும் என்று விட்டிருந்தோம். மஞ்சள் விளக்கு எரிந்த டிஸ்க்கை மாற்றவில்லை. எப்படியும் கழற்றப்போகிற சர்வர்தானே, அதற்குப் போய் ஒரு டிஸ்க் வாங்குவதா என்பதுதான் எண்ணம். டிஸ்க் கேட்டு நான் எழுதவே இல்லை, அதனால் இதில் வேறு யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு இன்னொரு டிஸ்க் போனது. ரெய்டு 5 ஒரு டிஸ்க்கின் இழப்பைத்தான் தாங்கும். திங்கள் காலை சர்வர் எழவில்லை.

தரவு போகவில்லை, ரெப்ளிகேஷன் வழியாக எல்லாம் புது சர்வரில் இருந்தது. போனது சாவி. பழைய சர்வரின் தனிச் சாவி அடங்கிய ரெக்கவரி கோப்பை மேனேஜர் தன் நிறுவல் கோப்புறைக்குள்ளேயே வைத்திருக்கும். அதை நாமாக வேறு இடத்துக்கு நகலெடுக்க வேண்டும். புது சர்வருக்குப் புதுச் சாவி வந்துவிட்டதே, பழையது எதற்கு என்று நான் எடுத்துவைக்கவில்லை. சில நூறு கேபி அளவுகூடத் தேறாத கோப்பு. அது இருந்திருந்தால் ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் பழைய பெயர், பழைய ஐபியோடு அந்தச் சர்வரை மறுபடி எழுப்பி, 13 கணினிகளும் ஒவ்வொன்றாக வர வர அவற்றுக்கு வழி காட்டியிருக்கலாம்.

பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் பழைய பெயரைப் புது சர்வருக்குத் திருப்பிவிடலாமே என்று நெட்வொர்க் நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. போர்ட் வேறு என்பதைச் சரிசெய்துவிடலாம். ஆனால் கிளையன்ட் புது சர்வரின் சர்டிபிகேட்டைத் தன் சைலிங்க்கில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்து மறுத்துவிடும். சர்டிபிகேட்டைச் சரிபார்க்காதே என்று தற்காலிகமாகத் தளர்த்தும் ஒரு அமைப்பு பாலிசியில் உண்டு. அந்தப் பாலிசியும் பழைய சர்வர் வழியாகத்தானே போய்ச் சேர வேண்டும்? அந்தக் கதவு அது உயிரோடு இருக்கும்போது மட்டுமே திறக்கும்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. புது சைலிங்க் அடங்கிய தொடர்புப் புதுப்பிப்புத் தொகுப்பைக் கன்சோலிலேயே தயாரிக்கலாம். இயங்கிக்கொண்டிருந்து நெட்வொர்க்கில் எட்டக்கூடியவை ஐந்து. அவற்றுக்குத் தொலைவிலிருந்தே அனுப்பினோம். மடிக்கணினிகள் ஏழில், அலுவலகத்துக்கு வந்தவற்றுக்குக் கையால், வராதவற்றுக்கு விபிஎன் வழியாக உடன் இருந்து செய்தோம். வெளியில் இருக்கும்போது இணையத்திலிருந்து நேராகப் புதுப்பித்துக்கொள்ளும்படி அவற்றுக்குத் தனி பாலிசி இருந்ததால், மேனேஜர் இல்லாத நாட்களிலும் பாதுகாப்பு பழசாகவில்லை. அவை பன்னிரண்டும் முடிய ஒன்றரை மாதம்.

இதற்கிடையில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. எங்களுக்கு வழக்கமாக வரும் எச்சரிக்கை மெயில்கள் சில நாட்களாக வரவில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது போலிருக்கிறது என்றே எடுத்துக்கொண்டிருந்தோம். மெயில் சர்வர் விவரம் ஒவ்வொரு மேனேஜருக்கும் தனி அமைப்பு, ரெப்ளிகேஷனில் வராது. ஒரு சோதனை மெயிலை முதல் நாளே அனுப்பிப் பார்த்திருக்க வேண்டும்.

பதின்மூன்றாவது

எடைமேடைக் கணினி மட்டும் பாக்கி. அறைச் சாவி ஜின்னிங் மேற்பார்வையாளரிடம், அவர் அப்போது வேறு யூனிட்டில். டிசம்பரில் அந்தப் பக்கம் போனபோது அறையைத் திறந்து, நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவைத்து, மானிட்டர் மேல் ஒரு சீட்டு ஒட்டிவிட்டு வந்தேன்: 'ஆன் செய்வதற்கு முன் ஐடிக்குப் போன் செய்யவும்.' அன்றே முடித்திருக்கலாம்தான். அந்தப் பிரிவுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்தது.

மாசியில் பருத்தி வரத்து தொடங்கியது. ஒரு காலை எட்டு மணிக்குப் போன். "சார், இங்க ஒரு சீட்டு ஒட்டி வெச்சிருக்கீங்களே. லாரி ரெண்டு வந்து நிக்குதுங்க. ஆன் பண்ணட்டுங்களா?"

தொடர்புப் புதுப்பிப்புத் தொகுப்பைப் போட்டு யூனிட் கணக்காளரிடம் முன்பே கொடுத்துவைத்திருந்த பென் டிரைவை எடுத்துவரச் சொன்னேன். முதலில் அந்தத் தொகுப்பை இயக்கி, முடிந்ததும் கேபிளைச் செருகினார்கள். அன்று வைரஸ் விவரங்களின் முழுத் தொகுப்பு புரொவைடரிடமிருந்து இறங்கியது, லைன் அசையவில்லை. எட்டே முக்காலுக்கு மறுபடி அவரே கூப்பிட்டார்.

"மஞ்சக் கேடயத்துல பச்சைப் புள்ளி வந்துருச்சுங்க சார். லாரிய ஏத்திக்கலாங்களா?"

பச்சைப் புள்ளி வந்தால் மேனேஜரோடு தொடர்பு கிடைத்துவிட்டது என்று பொருள். ஏற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு, எக்செலில் கடைசி வரிசையைத் தேதியோடு மூடினேன்.